ஐ.பி. போடுவதற்கு முன்: செலவில்லாமல் வக்கீல் பெறும் வழி

கடன் தீர்க்க வழியில்லாமல் போனவரைப் பற்றி ஊரில் "ஐ.பி. கொடுத்துட்டாராம்", "மஞ்சள் கடுதாசி அனுப்பிட்டாராம்" என்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒரு இளக்காரம் இருக்கும். சட்டத்தில் அந்த இளக்காரம் கிடையாது. உண்மையாகவே கடனை அடைக்க முடியாதவர் தன் கணக்கு முழுவதையும் நீதிமன்றத்தின் முன் வைத்து, திவால் மனு (ஐ.பி.) போட்டு நிவாரணம் கேட்கலாம் என்று 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. பணமில்லை என்று மனு போடுவதற்கே வக்கீல் கட்டணம், டைப்பிங் செலவு, நோட்டீஸ் செலவு என்று பணம் வேண்டியிருக்கிறது. அதற்காக மிச்சமிருக்கும் தாலிக்கொடியை அடகு வைப்பவர்கள் உண்டு. இன்னொரு புரோநோட்டில் கையெழுத்துப் போடுபவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு அதைச் சொல்கிறது. 1987-இல் நிறைவேறி 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதற்கு ஒரு அலுவலகத்தையே ஏற்படுத்தித் தந்திருக்கிறது. ஜப்தி உத்தரவு போடுகிற அதே நீதிமன்ற வளாகத்தில்தான் பெரும்பாலும் அந்த அலுவலகமும் இருக்கிறது.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரு வரிசையை: முதலில் இலவச ஆலோசனை, அதன் பிறகே மனு. இந்த வரிசை தலைகீழானால் என்னென்ன கெடும் என்பதும் ஆங்காங்கே வரும்.

எந்தக் கடனாளி எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?

சென்னை மாநகரத்தில் வசிப்பவருக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர்த் திவால் சட்டம் பொருந்தும். மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்கும். சொத்துப் பொறுப்பை அபிசியல் அசைனி ஏற்பார். மற்ற மாவட்டங்களில் 1920 சட்டம். அங்கே பெரும்பாலும் சப் கோர்ட்டில்தான் ஐ.பி. தாக்கலாகிறது, சொத்தைப் பார்த்துக்கொள்பவர் அபிசியல் ரிசீவர். கடனாளி வழக்கமாகக் குடியிருக்கும் இடம், தொழில் செய்யும் இடம் இவற்றை வைத்து எந்தக் கோர்ட் என்பது முடிவாகும். கைதாகிக் காவலில் இருந்தால் அந்த இடத்து நீதிமன்றத்திலும் போடலாம்.

2016-இல் வந்த புதிய திவால் சட்டம் பழைய சட்டங்களை ஒழித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தனிநபர்களைப் பற்றிய அதன் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே அமலாக்கப்பட்டது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி வாங்கிய கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் என்றால் அந்த வழக்கு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். மளிகைக் கடைக்காரர், தறிக்காரர், சம்பளக்காரர், விவசாயி ஆகியோருக்குப் பழைய சட்டங்கள்தான் வழி. தங்கள் விஷயம் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதவர்கள் அதையே முதல் கேள்வியாக இலவச வக்கீலிடம் கேட்கலாம்.

ஐ.பி. போடக் கடன் குறைந்தது 500 ரூபாய் இருந்தாலே போதும் என்கிறது சட்டம். 1920-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கைதானவரும், அப்படிப்பட்ட தீர்ப்பின் பேரில் சொத்து ஜப்தியில் இருப்பவரும்கூட மனு போடலாம். ஆனால், கடனைத் தீர்க்க இயலாத நிலை உண்மையிலேயே இருக்க வேண்டும்.

இலவச வக்கீல் யாருக்குக் கிடைக்கும்?

வருமானம் பார்க்காமலே உதவி பெறும் உரிமை உள்ளவர்கள்:

• பெண்கள், குழந்தைகள்
• பட்டியல் சாதியினர், பழங்குடியினர்
• மாற்றுத்திறனாளிகள்
• தொழிற்சாலைத் தொழிலாளர்கள்
• வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து, சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள்
• ஆள் கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானவர்கள்
• காவலில் இருப்பவர்கள்

இவற்றில் எதிலும் வராதவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றங்கள், உயர் நீதிமன்றம் வரையிலான வழக்குகளுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கடன் எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வராது. நாற்பது லட்சம் கடன் உள்ளவருக்கும் வருமானம் வரம்புக்குள் இருந்தால் இலவச வக்கீல் உண்டு. "சொந்தமாகக் கடை வைத்திருந்தேன், எனக்கெல்லாம் தருவார்களா" என்று தயங்கித் திரும்பிவிடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

குறிப்பு: மைக்ரோ பைனான்ஸ், மகளிர் குழுக் கடன்கள் பெரும்பாலும் மனைவி பெயரில் இருக்கும். அந்தக் கடனுக்கு அவர்தான் கடனாளி. அவர் தன் பெயரிலேயே விண்ணப்பித்தால் வருமானச் சான்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கணவரின் ஐ.பி.யில் மனைவியின் கடனைச் சேர்த்து எழுதிவிட்டால் அது தீராது.

எங்கே போவது?

தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழு. மாவட்டத் தலைநகரில், ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. இதன் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அன்றாட வேலையைக் கவனிக்கும் செயலாளரும் ஒரு நீதிபதியே. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் தனியே உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுக்கள் உள்ளன. மாநில ஆணைக்குழு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. எங்கே போவது என்றே புரியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து, தங்கள் தாலுகாவைச் சொன்னால் வழிகாட்டுவார்கள்.

கிரிமினல் வழக்குகளுக்காக இப்போது பல மாவட்டங்களில் முழுநேரச் சட்ட உதவி வக்கீல்கள் இருக்கிறார்கள். ஐ.பி. சிவில் விஷயம் என்பதால் அதை ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்கள் எடுத்து நடத்துவார்கள். ஆகவே போனதும் "ஐ.பி. விஷயமாக, சிவில் பக்கம் வக்கீல் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லவும். இது ஒரு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கிளம்பும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

இலவச வக்கீலுக்குப் பல வழக்குகள். தெளிவான கணக்கோடு வருபவரின் மனு சீக்கிரம் தயாராகும். திவால் மனுவில் என்ன இருக்க வேண்டும் என்று 1920 சட்டத்தின் 13-ஆம் பிரிவே பட்டியல் போட்டிருக்கிறது: கடன் கொடுத்தவர்களின் பெயரும் தெரிந்தவரை முகவரியும், ஒவ்வொரு கடனின் தொகையும் விவரமும், சொத்துகள் எங்கே இருக்கின்றன, என்ன பெறும், முன்பு எப்போதாவது திவால் மனு போட்டது உண்டா, சொத்து முழுவதையும் நீதிமன்றத்தின் பொறுப்பில் விடச் சம்மதம் என்ற உறுதிமொழி. நோட்டை அந்த வரிசையிலேயே எழுதிவிடலாம்.

ஒரு விசைத்தறிக்காரரை எடுத்துக்கொள்வோம். தறிகளை ஈடு காட்டி வங்கியில் ஒரு கடன், நகைக் கடன் ஒன்று, எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கித் தவணைகள், நூல் கடைப் பாக்கி, நண்பர்களிடம் புரோநோட்டில் வாங்கிய கைமாற்று, மீட்டர் வட்டிக்காரரிடம் கொடுத்த கையெழுத்திட்ட வெற்றுச் செக்குகள், மின்வாரியப் பாக்கி. இவர் "மொத்தம் இருபது லட்சம் கடன்" என்று ஒரே வரியில் சொன்னால் வக்கீலால் எதுவும் செய்ய முடியாது. தறி மீதுள்ள கடன் ஒரு வகை, புரோநோட் இன்னொரு வகை, வெற்றுச் செக் முற்றிலும் வேறு வகை. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு பதில் சொல்கிறது. ஆகவே நோட்டில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவும்: யாரிடம், எந்தத் தேதியில், கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, என்ன எழுதிக் கொடுத்தது, ஜாமீன் கையெழுத்து யார், நோட்டீஸ் அல்லது வழக்கு வந்திருக்கிறதா.

தேதிக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் விதி. கெடு முடிவதற்குள் கடனாளி எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டால் அந்தக் கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அதனால்தான் பழைய நோட்டை "மாற்றி எழுதிக்கொடு" என்று நெருக்குகிறார்கள். வக்கீலைப் பார்க்கும் வரை எந்தத் தாளிலும், எந்த நோட்டின் பின்புறத்திலும் புதுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

படிப்படியாக

1. காகிதங்களைச் சேர்க்கவும். ஆதார், குடும்ப அட்டை, நீதிமன்றச் சம்மன், பிராது நகல், வக்கீல் நோட்டீஸ், டிகிரி நகல், வங்கிக் கணக்கு விவரம், சொத்துப் பத்திர நகல், கடைக் கணக்குப் புத்தகங்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துச் செல்லவும்.

2. தகுதிச் சான்றை எடுத்துக்கொள்ளவும். பட்டியல் சாதி, பழங்குடி என்றால் சாதிச் சான்று. மாற்றுத்திறனாளி என்றால் அடையாள அட்டை. வருமான அடிப்படை என்றால் இ-சேவை மையம் வழியாகப் பெற்ற வருமானச் சான்று. சான்று வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கலாம் என்று 13-ஆம் பிரிவு, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், இடம் தருகிறது.

3. விண்ணப்பத்தைக் கொடுக்கவும். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். அங்குள்ள அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ எழுதி, கைரேகை வாங்கிக்கொள்வார். வழக்குச் சுருக்கத்தில் அவசரம் ஏதும் இருந்தால் அதை முதல் வரியிலேயே குறிப்பிடவும்: "வரும் 14-ஆம் தேதி வாய்தா", "கைது வாரண்ட் வந்துவிட்டது" என்பதுபோல.

4. ஒப்புகை வாங்கவும். தேதியும் எண்ணும் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வர வேண்டாம். தேசிய ஆணைக்குழுவின் 2010 விதிமுறைகளின்படி விண்ணப்பத்தின் மீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த நாளைக் கணக்கிட இந்தச் சீட்டு உதவும்.

5. மறுத்தால் மேல்முறையீடு செய்யவும். வக்கீல் தர இயலாது என்று முடிவானால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதே அமைப்பின் தலைவரிடம் முறையிடலாம். மாவட்டத்தில் என்றால் முதன்மை மாவட்ட நீதிபதியிடம்.

6. நியமன உத்தரவில் உள்ள வக்கீலைச் சந்திக்கவும். அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழு கொடுக்கிறது. கட்சிக்காரரிடம் ஒரு ரூபாயும் அவர் கேட்கக்கூடாது. கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, சான்றிட்ட நகல் ஆகியவையும் சட்ட உதவிக்குள் வருகின்றன. திவால் வழக்கில் ரிசீவர் தொடர்பான செலவும் பத்திரிகை அறிவிப்புச் செலவும் வரக்கூடும். அவற்றை யார் கட்டுவது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, தேவைப்பட்டால் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதித் தரச் சொல்லவும்.

7. மனுவை வாசித்த பிறகே கையெழுத்துப் போடவும். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லக் கேட்கவும். ஒவ்வொரு தொகையையும் நோட்டோடு ஒத்துப் பார்க்கவும். உறுதிமொழியோடு கையெழுத்திடும் மனு இது. பிழைக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்குத்தான்.

வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது

"எனக்கு ஐ.பி. தேவையா?" இந்த ஒரு கேள்விக்காகவே இலவச ஆலோசனைக்குப் போகலாம். பல நேரங்களில் வேறு வழி நன்றாக இருக்கும்.

கடன் இரண்டு மூன்று வங்கிகளோடு முடிந்துவிட்டது என்றால் மக்கள் நீதிமன்றத்தில் ஒரே தவணைத் தீர்வு பேசலாம். வழக்குப் போடுவதற்கு முந்தைய நிலையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் கிடையாது, நடப்பு வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வு டிகிரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை. கூட்டத்தின் வேகத்தில், மாதம் கட்ட முடியாத தவணைக்குத் தலையாட்டிவிட்டு வந்து தவிப்பவர்கள் அதிகம். கட்டக்கூடிய தொகையை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போகவும். அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கும் அங்கே வைத்து ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசிக்க அவகாசம் கேட்பது உரிமை.

எக்ஸ்பார்ட்டி டிகிரி (ஆஜராகாததால் ஒருதலையாக வந்த தீர்ப்பு) ஆகியிருந்தால் அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போடலாம். சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். இதைத் தவறவிட்டுவிட்டு ஐ.பி.க்கு அலைவதில் அர்த்தமில்லை. கந்துவட்டிக் கடன் என்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கலாமா என்பதையும் கேட்கவும். அந்தச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஐ.பி. தீர்க்காத கடன்கள்

சொத்து ஈட்டின் பேரில் கொடுத்த கடனை ஐ.பி. தொடாது. வீட்டுக் கடன் வங்கி வீட்டையும், நகைக் கடன் வங்கி நகையையும் எடுக்கும் உரிமை அப்படியே இருக்கும். அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சம் ஆகியவையும் தீராது. செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி. நடப்பதைச் சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. அதற்கும் தனியே இலவச வக்கீல் கேட்கலாம்.

கடனாளிக்கு விடுவிப்பு கிடைத்தாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் விடுபட மாட்டார். மைத்துனரோ, கூட வேலை பார்ப்பவரோ நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். மனு போடும் முன் அவரிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் முறை. அவரும் சட்டப்பணிகள் குழுவில் ஆலோசனை பெறலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மனு போட்டவுடன் எல்லாம் நின்றுவிடும் என்ற நம்பிக்கைதான் முதலாவது. "ஐ.பி. போட்டாச்சு" என்று எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறு. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்து உத்தரவிட்ட பிறகுதான், கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் புது வழக்குப் போட முடியாத நிலை வரும். கைதிலிருந்து பாதுகாப்பு கேட்கும் மனுவும் அந்த உத்தரவுக்குப் பிறகே. அதுவரை நடக்கும் வழக்குகளில் ஆஜராகியே தீர வேண்டும்.

இரண்டாவது, சொத்தை மாற்றி எழுதுவது. ஐ.பி. போடுவதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ தானமாக எழுதி வைத்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் விலையில்லாமல் செய்த மாற்றத்தை ரிசீவரால் ரத்து செய்ய வைக்க முடியும். கடைசி 3 மாதத்தில் வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடனை அடைத்தாலும் அதே கதிதான். கணக்குப் புத்தகத்தை மறைத்தாலோ சொத்தை ஒளித்தாலோ ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லவும். வக்கீலிடம் சொல்வது ரகசியம். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் வழக்கே ஆட்டம் காணும்.

கடன் கொடுத்தவர் ஒருவரை விட்டுவிடுவது மூன்றாவது. "சித்தப்பாவிடம் வாங்கியது எதற்கு, அதை எப்படியாவது கொடுத்துவிடுவேன்" என்று விடுவது உறவுக்கு அழகாகத் தோன்றலாம். மனுவில் அது பொய்க் கணக்கு.

கோர்ட் வாசலில் "ஐ.பி. ஃபார்ம் இருக்கு, பேரை மாத்தி அடிச்சுத் தர்றேன்" என்று வரும் இடைத்தரகரை நம்புவது இன்னொன்று. அவர் அடித்துத் தரும் மனுவில் வேறொருவரின் கதை இருக்கும். குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் மனுதாரர். மேலும், ஒருமுறை போட்ட மனுவை நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெற முடியாது.

கைது பயம் வந்தால்

டிகிரி ஆனதும் சிறைக்குப் போக வேண்டும் என்ற பயத்தில்தான் பலர் அவசரப்பட்டுத் தவறான தாள்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி என்ற வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பணம் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடனாளியைச் சிறைக்கு அனுப்பக் கூடாது; வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருந்தார் என்று காட்ட வேண்டும். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். இலவசச் சட்ட உதவி இந்தியாவில் வேரூன்ற உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் இன்னும் சில பாதுகாப்புகள் உள்ளன. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. 2,000 ரூபாய் வரையிலான தீர்ப்புக்கு யாரையும் சிறை வைக்க முடியாது. 5,000-க்கு மேற்பட்ட தீர்ப்புக்கும் உச்ச வரம்பு 3 மாதம்தான். கைதாகி நீதிமன்றத்துக்கு வந்தவரிடம், திவால் மனு போடலாம் என்று நீதிபதியே தெரிவிக்க வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்குள் மனு போடுவதாகச் சொல்லி ஜாமீன் கொடுத்தால் விடுவிக்கலாம். அந்த நேரத்தில் வக்கீல் இல்லை என்றால் அங்கேயே, நீதிபதியிடமே, "சட்ட உதவி வேண்டும் அய்யா" என்று கேட்கவும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.

ஜப்திக்கு அமீனா வந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துப் போக முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர்க் கருவிகள், கூலி, பி.எஃப். பணம், அரசு ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கடனாளிக்கே. இந்த விலக்கு திவால் வழக்கிலும் செல்லும். தையல் எந்திரத்தை வைத்துப் பிழைப்பவர் அதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினால் இதை வக்கீலிடம் குறிப்பாகக் கேட்கவும்.

மிரட்டலும் மனச்சோர்வும்

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே உயிரை விட்டது. கடனைப் பற்றி எழுதும் எந்த நூலும் அதைக் கடந்து போகக் கூடாது. எந்தக் கடனுக்கும் உயிர் ஈடாகாது. சட்டத்தில் எந்தக் கடனுக்கும் ஒரு முடிவு உண்டு.

• வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. மீறினால் தேதி, நேரம், எண்ணைக் குறித்து முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கவும். பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். உதவிக்கு 14448.
• வீடு புகுந்து மிரட்டினால் அது காவல்துறை விஷயம். 100 அல்லது 112 அழைக்கவும். புகார் ரசீது எண்ணை நோட்டில் எழுதி, சட்ட உதவி வக்கீலிடம் சொல்லவும்.
• தூக்கம் கெட்டு, வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தால் 104 அல்லது 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. குடும்பத்தினர் இதைக் கவனித்து, முதல் வாய்தாவுக்குத் துணையாகப் போய்வர வேண்டும்.

வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றால்

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அக்கறையோடு நடத்துபவர்கள் பலர் உண்டு, கவனிக்காதவர்களும் உண்டு. அதற்காகத்தான் ஒவ்வொரு சட்டப்பணி அமைப்பிலும் வழக்குகளின் போக்கைப் பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்று வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை, போன் எடுப்பதில்லை, பணம் கேட்கிறார் என்றால் செயலாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். நடந்ததைத் தேதியோடு, கோபமில்லாத நடையில், ஒரு பக்கத்துக்குள் எழுதவும். ஐ.பி. எண், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த வாய்தா ஆகிய மூன்றையும் மேலேயே குறிப்பிடவும்.

மனுவுக்குப் பிறகு

விசாரணையில் மனுதாரர் தன் இயலாமையைக் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவர்கள் எதிர்க்கலாம். ரிசீவர் கேட்கும் கணக்கை உடனே கொடுக்கவும். ஒவ்வொரு வாய்தாவையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கவும்.

திவால் உத்தரவு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுபவர்கள் மிகப் பெரிய தவறு செய்கிறார்கள். எத்தனை காலத்துக்குள் கடன் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே நீதிமன்றம் கெடு குறிக்கும். கெடுவைத் தவறவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகலாம், கடன்கள் மீண்டும் உயிர் பெறும், மறுபடி ஐ.பி. போடவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். சொத்தின் மதிப்பு ஈடில்லாத கடன்களில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூட வராவிட்டால், அது தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் நேர்ந்தது என்று மனுதாரர் காட்ட வேண்டியிருக்கும். நோயால் ஏற்பட்ட செலவு, வெள்ளத்தில் போன சரக்கு, மூடிய ஆலை இவற்றுக்கான மருத்துவ ரசீது, வட்டாட்சியர் சான்று, வேலை நீக்கக் கடிதம் ஆகியவற்றை இதற்காகவே முதல் நாளிலிருந்து பத்திரப்படுத்த வேண்டும்.

திவால் உத்தரவின் நகல் கைக்கு வந்த அன்றே மூன்று காரியம் செய்யவும். கெடுத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறிக்கவும். விடுவிப்பு மனுவுக்கும் அதே வக்கீல் தொடர்வாரா என்று கேட்டு, இல்லையென்றால் சட்டப்பணிகள் குழுவில் புது விண்ணப்பம் கொடுக்கவும். உத்தரவின் சான்றிட்ட நகலை, வழக்கு நிலுவையில் உள்ள மற்ற நீதிமன்றங்களில் வக்கீல் மூலம் தாக்கல் செய்யவும். அந்த நீதிமன்றங்கள் வழக்கை நிறுத்தி வைப்பதா, நிபந்தனையோடு நடத்துவதா என்று முடிவெடுக்க அந்த நகல் அவற்றின் முன் இருந்தாக வேண்டும்.